அளவுக் கொப்பியில் ஒரு தோணி

பக்கம் நாற்பத்தொன்று.
மேலே சுகந்தலா ரீச்சரின் சட்டை, கீழே
தபால்கந்தோர்த் தவசீலனின் இரண்டு காற்சட்டை.
நடுவில் எழுதினேன்:
தோணி. நீளம் பதினொன்றரை அடி.
இடுப்பு மூன்றே முக்கால்.
கழுத்து என்ற இடத்தில் ஒரு கோடு.

தச்சு வேலை தெரியாது எனக்கு.
தெரிந்ததெல்லாம்
தட்டையான ஒன்றை வெட்டி
வளைந்த ஒன்றின்மேல் பொருத்துவது.
உள்ளே ஆளில்லாத ஓர் உடம்புக்குச் சட்டை,
அவ்வளவுதானே என்று
ஒரு பகல் முழுக்க மெஷினை மிதிக்காமல் இருந்தேன்.

வாடகைத் தோணிக்குப் பிடிப்பில் பாதி போகிறது.
கிருபைராணி மச்சாள்தான் கணக்குப் பார்த்தவள்:
"ரெண்டு மாசப் பாதிக்குப் பலகையே வாங்கலாம் கா."

முதலில் பிஸ்கற் பெட்டி மட்டையில்
ஒரு சாண் தோணி.
வாளியில் விட்டு ஒவ்வொரு பொபினாக ஏற்றினோம்.
ஒன்பதைத் தாங்கியது. பத்தாவதில் கவிழ்ந்தது.
"ஒன்பது போதும்," என்றாள் மச்சாள்.

காத்தான்குடி ஹாட்வெயாரில் றிஸ்வி காக்கா கேட்டார்,
"அலுமாரிக்கா பலகை?"
"இல்ல, தைக்க."
கல்குலேட்டரில் இருந்த விரல் அப்படியே நின்றது.

ஓரத்தில் மூன்று அங்குலத்துக்கொரு துளை.
எரிந்துபோன மோட்டரின் செப்புக் கம்பி, நூல்.
குறடு, ஊசி.
பலகை முதலில் முரண்டு பிடித்து,
மறுகா ஏதோ நினைவு வந்ததுபோல் வளைந்தது.
நாங்கள் இருவரும் கதைக்கவில்லை,
ஒரு நிமிடம் இருக்கும்.

பிழை அப்போதுதான் கண்ணில் பட்டது.
கை பழகிய பழக்கம்: வலப்பக்க ஓரத்தில்
தையலுக்கென்று அரை அங்குலம் விட்டிருக்கிறேன்.
இடப்பக்கம் வெட்டியது மச்சாள்.
அவளுக்குத் தைக்கத் தெரியாது,
சரியாக வெட்டியிருக்கிறாள்.

மாரி ஈரமென்று ஹாட்னரைக் கூட விட்டேன்.
றெசின் ரின் கையைச் சுட்டது, புகைந்தது,
பிறஷ் நட்டுக்கொண்டு நின்றபடியே கல்லானது.
இப்போது அது கடைக் கதவுக்கு முட்டு.
மூன்று கிழமை
எல்லாச் சட்டையும் அந்த மணத்தோடுதான் போயின.
சுகந்தலா ரீச்சர் மூக்கைச் சுளித்தார்,
காசைக் குறைக்கவில்லை.

நொச்சிமுனைக் கரையில் இறக்கிய அன்று
விட்ட அரை அங்குலம் எங்கே போனதென்று
தண்ணீர் காட்டித் தந்தது.
இடப்பக்கம் சரிந்து நின்றது தோணி,
ஒற்றைத் தோளில் புத்தகப் பை மாட்டிய பிள்ளைபோல.
வலை உதறிக்கொண்டிருந்த ஒருவன் சொன்னான்,
"ஆள் நல்லாத்தான் இருக்கு. நித்திரையாக்கும்."
மச்சாள் வலப்பக்கம் போய்க் குந்தினாள். காணாது.
ஓடிப்போய்
கரண்ட் இல்லாத நாட்களுக்கென்று வைத்திருந்த
பித்தளைக் கரி அயனைத் தூக்கி வந்து
அவளருகே வைத்தேன்.
நிமிர்ந்தது.

ஒரு கம்பித் துளையை அடைக்க மறந்திருந்தோம்.
அதனூடே ஆறு நூலாக உள்ளே வந்தது,
அறுபடாமல், என் மெஷினைவிடச் சீராக.

வலையை விட்டுவிட்டுப் பாலத்துக்கு இப்பால் இருந்தோம்.
நிலவில் இங்கே மீன் பாடுமென்று
வெளியூர்க்காரர் துடுப்பில் காது வைத்துக் கேட்பார்கள்.
நானும் வைத்தேன்.
கேட்டது மச்சாள் கிண்ணத்தால் தண்ணி இறைக்கிற சத்தம்.
பதினெட்டு. கொஞ்சம் ஆறுதல்.
மறுகாப் பதினெட்டு.

விடிய, ஆறு செத்தல் மீன், ஒரு கெளிறு.
பாதி பிரிக்க மூன்று மூன்றாக வைத்தவள்
தன் கையைத் தானே பார்த்துவிட்டு
எல்லாவற்றையும் ஒன்றாய் அள்ளிக் கூடையில் போட்டாள்.

கொப்பியில், திருத்தம் என்ற இடத்தில்:
வலது ஓரம் அரை அங்குலம் பிடிக்க.
துளை ஒன்று அடைக்க.
அயனை எடுக்க வேண்டாம்.

தவசீலனின் காற்சட்டை
இன்னும் வெட்டவில்லை.